அந்தப் பச்சை லோரியை விற்கச் சொன்னாயே

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும், மூன்றாவது நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் கடிதம். கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பும்படி உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்து விளங்காத இடத்தில் அவனைக் கேட்டுக்கொள்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "அறுபத்தெட்டு வயசுல எதுக்குப்பா இந்த ராணுவ லோரி? வித்துட்டு ஒரு மைவி கார் வாங்குங்க, நிம்மதியா போய் வாங்க." மைவி அம்மாவிடம் ஏற்கனவே இருக்கிறது. அதில் போனால் நிம்மதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தால் கோயில், இறங்கினால் வீடு, நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது.

முதலில் லாசா ரோட்டு விஷயம். வண்டி நின்றது உண்மை. ஆனால் தம்பி சொன்ன மாதிரி நடுக்காட்டில் நான்கு மணி நேரம் எல்லாம் இல்லை. நாற்பது நிமிடம், அதிலும் பாதி நேரம் பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான். இந்த வண்டியில் இஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்காது. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ஒரு இரும்பு மூடிக்குள் இருக்கும். அன்றைக்குக் கொளுத்தும் வெயில், ஏற்றம், சின்ன கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பம்ப்புக்குப் போகிற குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது. பம்ப் பெட்ரோலை இழுக்கும், ஆவியை இழுக்காது. கார்புரேட்டர் காய்ந்து போய், இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றினேன். காய்ச்சல்காரனுக்கு நர்சுகள் நீங்கள் நெற்றியில் போடுவீர்களே, அதே வைத்தியம். சூடு இறங்கியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நின்றதும் எனக்குப் பயம் வரவில்லை பாப்பா. ஏன் நின்றது என்று தெரிந்திருந்தது. அம்மாவுடைய மைவியில் போன மாதம் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததே, அதற்கு ஈப்போ வரைக்கும் கொண்டுபோய், ஒரு பையன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, 180 மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு "சென்சார் அங்கிள்" என்றான். முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு வயதானது மாதிரி இருந்தது. லாசா ரோட்டில் இல்லை.

இந்த லோரி எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். மலைப் பக்கம் வெட்டுமரம் இழுக்கிற ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், ஜெனரேட்டர் பார்க்கப் போயிருந்தேன். காட்டுக்குள் மரம் இழுக்கிறவர்கள் ஒரு காலத்தில் சண்டைக்காலத்து ராணுவ லோரிகளை வைத்துத்தான் பிழைத்தார்கள். கதவு இருக்காது, விளக்கு இருக்காது, நம்பர் பிளேட்டும் இருக்காது. மலாய்க்காரர்கள் லோரி ஹந்து, பேய் லோரி என்பார்கள். சீனர்கள் ‘சான் தாய் வோங்’ என்பார்கள், மலைராஜா என்று அர்த்தம். இது அந்த அளவுக்குப் பழசு இல்லை. தவுக்கேயின் கொட்டகைக்குப் பின்னால், லாலான் புல்லுக்குள் முக்கால்வாசி மறைந்து நின்றது. கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைத் தாண்டி எட்டிப் பார்த்தால், தகட்டில் பெட்ஃபோர்டு, 1961.

12,000 வெள்ளி. அம்மாவிடம் 7,000 என்று சொன்னேன். இது தெரிந்து போய் வெகுநாள் ஆகிறது, நீ புதிதாகப் போட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

இதற்கு ஆர்எல் மாடல் என்று பெயர். 1953-இல் தொடங்கி 1969 வரை, 70,000-க்கும் மேல் செய்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கும். இஞ்சின் ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர், பெட்ரோல். நீ இருக்கிற லண்டனில் இருந்து லூட்டனுக்கு ரயில் போகிறதே, அதற்குப் பக்கத்து ஊர் டன்ஸ்டபிள். பெட்ஃபோர்டு லோரிகளைச் செய்தது அங்கேதான். உன் ஊரில் தீயணைப்புக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 1977-இலும் 2002-இலும், ராணுவத்தார் பச்சை நிறத் தீயணைப்பு வண்டிகளை ஓட்டினார்கள். ‘கிரீன் காடஸ்’ என்பார்கள். அதுவும் இதே வம்சம்தான். உன் வார்டில் எண்பது தாண்டிய வெள்ளைக்காரக் கிழவர் யாராவது படுத்திருந்தால், ‘பெட்ஃபோர்டு ஆர்எல்’ என்று மட்டும் சொல்லிப் பார். கட்டாய ராணுவ சேவைக்கு இந்த நாட்டுப் பக்கம் வந்துபோனவராகவும் இருக்கலாம். மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் தாத்தா விஷயம். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். எமர்ஜென்சி, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம், அதோடு தொடங்கியது. 1960 ஜூலை கடைசியில்தான் எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம். தாத்தா பாட்டி இரண்டு பேரும் பால்வெட்டு, ரப்பர் மரம் சீவுகிற வேலை. காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து பால்மரக் காட்டுக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்களாம். மடியில் ஒரு பிடி அரிசி இருக்கக்கூடாது. பசியாற எதுவும் கொண்டுபோக முடியாது, மத்தியானம் லயத்து வீட்டுக்குத் திரும்பித்தான் சாப்பாடு. கடையில் டின் பால் வாங்கினால் கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான், அப்போதுதான் ஒளித்து வைத்துக் காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்க முடியாது. சில இடங்களில் அரிசியைத் தரவே மாட்டார்கள், மொத்தமாக ஆக்கிச் சோறாகத்தான் தருவார்கள். சோறு மறுநாள் ஊசிப்போகும் இல்லையா. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். ராத்திரியில் ராணுவ லோரி மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டால் லயத்தில் விளக்கை அணைத்துவிடுவார்களாம்.

நான் பிறந்ததே எமர்ஜென்சியின் கடைசிக் காலத்தில். எனக்கு ஏழு வயதிருக்கும், தோட்டத்து ரோட்டோரம் ராணுவ லோரிகள் வரிசையாக நின்றன. ஒரு சிப்பாய் எனக்கு பிஸ்கட் கொடுத்தான். பலகை மாதிரி கெட்டி, நக்கி நக்கித்தான் தின்ன வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து தாத்தாவிடம் காட்டினேன். அறைந்தார். வாயில் இருந்ததையும் துப்பச் சொன்னார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அடி வலித்ததைவிட, அந்த லோரியின் சக்கரம் என் உயரம் இருந்ததே, அதுதான் நினைவில் நின்றது.

தாத்தா உயிரோடு இருந்திருந்தால் இந்த வண்டியை வாங்கியிருக்க மாட்டேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. முதல் தரம் ஸ்டார்ட் செய்த ராத்திரி, இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஞாபகம் வந்து அணைத்துவிட்டேன். மறுநாள் பகலில்தான் திரும்பவும் போட்டேன். இப்போதும் நம் தாமான் குடியிருப்புக்குள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்டார்ட் செய்வதில்லை. அக்கம்பக்கத்துக்காக என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். நீ ஓட்டிப் பார்க்காததால்தான் விற்கச் சொல்கிறாய்.

காலையில் எண்ணெய், தண்ணீர் பார்த்துவிட்டு, பேட்டரி சுவிட்சைப் போட வேண்டும். சோக்கை இழு. ஸ்டார்ட்டர். குளிர்ந்த இஞ்சின் உடனே பிடிக்காது, தூங்கி எழுந்த ஆள் மாதிரி முனகும். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளு, ஒரேயடியாகத் தள்ளினால் அணைந்துவிடும். சாவி எங்கே என்று கேட்பாய். இந்த லோரிக்குச் சாவியே கிடையாது. ராணுவ வண்டி அல்லவா, அவசரத்தில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா? சுவிட்சைத் திருப்பினால் போதும். முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் பால் லோரி, டிராக்டர் எல்லாம் பிரித்து மாட்டி ஓட்டிப் பார்த்தேன். சாயந்திரமானால் சாவி தோட்டத்துக் கிளார்க் கிராணியின் மேசைக்குப் போய்விடும். கடைசியில் எனக்கென்று ஒரு வண்டி வந்தது, அதற்குச் சாவியே இல்லை. ஸ்டேரிங்கில் சைக்கிள் செயினைப் போட்டுப் பூட்டி வைக்கிறேன்.

கியர் மாற்றுவதுதான் இதில் வித்தை. சின்ன கார் மாதிரி மிதித்து இழுத்தால் பற்களை நறநறவென்று கடிக்கும், ரோட்டில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு. கீழ்க் கியருக்குப் போவதாக இருந்தால் இந்த இடத்தில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டு, இஞ்சின் வேகம் ஏறும். மறுபடி மிதி, கியரைப் போடு. எவ்வளவு தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர முடியாது. காதால்தான் கேட்க வேண்டும். சத்தம் இரண்டும் ஒன்று சேரும் நேரத்தில் கியர், வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி தானாக விழும். அந்த ஒரு வினாடிக்காகத்தான் பாப்பா, கோலகங்சார் வரை காரணமே இல்லாமல் போய்வருகிறேன். அம்மாவிடம் மீன் வாங்கப் போகிறேன் என்பேன். மீனும் வாங்குவேன்.

ஸ்டேரிங் கோயில் அண்டா மூடி அகலம். பவர் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள் கழன்றுவிடும். வண்டி கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்ப வேண்டும். பிரேக்கை மற்றவர்களைவிட ஒரு லோரி நீளம் முன்னாலேயே நினைக்க வேண்டும். வேகம் 60-ஐத் தாண்டினால் கதவு, தகரம், என் பல்செட் எல்லாம் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிடும். அதனால் ஹைவேக்குப் போவதே இல்லை, பழைய ரோடுதான். எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும். அந்த வேகத்தில் போனால்தான் தெரிகிறது, சுண்ணாம்புக் குன்றுகளில் காலை வெயில் எந்தப் பக்கம் முதலில் விழுகிறது, எந்தத் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்திருக்கிறார்கள், எந்த லயத்தை இடித்துவிட்டார்கள் என்று.

இஞ்சின் மூடி சூடாக இருப்பது குறை என்று தம்பி சொல்கிறான். அதன் மேல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கிளம்பினால், கோலகங்சார் ஆற்றங்கரையில் பிரிக்கும்போது வாழையிலை வாசனையோடு ஆவி பறக்கும். மைவியில் இந்த வசதி உண்டா, கேட்டுச் சொல்.

போன வருடத் திருவிழாவுக்கு நம் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி விறகு, அண்டா, தண்ணீர் டேங்கி எல்லாம் இதில்தான் போனது. மழையில் அந்த மண் ரோடு சேறாகி, வாடகை லோரி பாதியிலேயே பின்சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. நான் முன்சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுத்து, சின்ன கியர் பெட்டியைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே விட்டேன். மாடு மாதிரி தலையைக் குனிந்து ஏறியது. நின்ற லோரியையும் கட்டி இழுத்துக்கொண்டுதான் போனேன். தோட்டத்தை விட்டுத் திசைக்கொன்றாய்ப் போனவர்கள் எல்லாம் வருடத்துக்கு ஒரு தரம் வரும் இடம் அது. அன்றைக்கு என் பேச்சுதான். பிள்ளைகளை லோரியில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள், ஏற்றவில்லை. சாமான் ஏற்றுகிற இடத்தில் ஆள் ஏற்றக்கூடாது, அதில் நான் கறார். நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும், பக்கத்து சீட்டுக்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கிறதே, காவல் பார்ப்பதற்கு வைத்தது, அதன் வழியாக ஒவ்வொருவராகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி திரும்பும்போது ஒன்று செய்தோம். இந்த லோரிக்குப் பின்னால், அச்சின் நடுவில் குண்டாக ஒரு இரும்புக் குடம் மாதிரி இருக்கும், டிஃபரென்ஷியல். அதில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் மட்டும் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். சண்டைக்காலத்தில் இருட்டில் வரிசையாகப் போகும்போது வேறு விளக்கு எதையும் போடக்கூடாது. மேலே விமானத்தில் இருப்பவனுக்குத் தெரியாது, பின்னால் வருகிற டிரைவருக்கு மட்டும் அந்த வெள்ளை வட்டம் தெரியும். தோட்டத்துக்குள்ளே, ஆள் நடமாட்டமே இல்லாத செம்பனை ரோட்டில், உன் தம்பியை மோட்டார் சைக்கிள் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் வரச் சொன்னேன். நடை வேகத்தில்தான் போனோம், திட்டாதே. வெளி ரோட்டுக்கு வந்ததும் அவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "அப்பா, உங்க லோரியே தெரியலை, ஒரு நிலா மட்டும் முன்னாடி போயிட்டு இருந்துச்சு" என்றான். உன்னிடம் நடுக்காடு, நான்கு மணி நேரம் என்று போட்டுக்கொடுத்தவன் இதைச் சொன்னானா?

செலவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா சொல்வாள். ஒரு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர், அதுவும் நான் பதமாக ஓட்டினால். டயர் 11.00-20 அளவு, ஒன்று மாற்றினால் ஒரு மாதம் மூச்சு விடக்கூடாது. காற்று அடிக்கும்போது ரிம்மின் வளையம் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும், அதனால் சங்கிலியைச் சுற்றிவிட்டுத் தள்ளி நின்றுதான் அடிக்கிறேன். மூன்று வருடம் பிடித்தது இதை ரோட்டுக்குக் கொண்டுவர. ஈயம் உருக்கி, தகரம் வெட்டி, சாமானைக் காலில் போட்டுக்கொண்டு. இன்னொரு வண்டி வாங்கும் பணம் அதில் போய்விட்டது என்று அம்மா சொல்வது சரிதான், அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கிளட்ச் ரொம்பக் கனம். இடது முழங்கால் சில நாள் முரண்டு பிடிக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன் நின்ற வண்டியில் இருபது தரம் மிதித்துப் பார்ப்பேன். இருபதும் போனால் ரோட்டுக்குப் போவேன். போகவில்லை என்றால் அன்றைக்குக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருபது வரவில்லை என்றால் நானே உனக்குப் போன் பண்ணுகிறேன். அப்போதும் விற்பதைப் பற்றிப் பேசாதே, யார் ஓட்டுவது என்பதைப் பற்றிப் பேசலாம். தம்பியைக் கனரக வண்டிக்கான ஈ கிளாஸ் லைசென்சு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிடி கொடுக்காமல் இருக்கிறான், ஆனால் போன வாரம் கேட்காமலேயே வந்து கிரீஸ் அடித்தான்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா. உன் லைசென்சுக்கு இதை ரோட்டில் ஓட்ட முடியாது. பழைய தோட்டத்து மேனேஜரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், உள் ரோட்டில் ஒரு காலை நேரம் ஓட்டிக்கொள்ளலாம் என்றார். குதிகால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வா. நீ நாலு வயதில் என் மடியில் உட்கார்ந்து டிராக்டர் ஸ்டேரிங்கைப் பிடித்தவள். நறநறவென்று கடித்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் அங்கேதான் கிடைக்கிறது. பெட்ஃபோர்டு, ஆறு சிலிண்டர், 300 கியூபிக் இஞ்ச், பெட்ரோல் என்று சொல்லிக் கேள். டீசலுடையதைத் தலையில் கட்டிவிடுவார்கள். இஞ்சின் நம்பரைத் தம்பி அனுப்புவான். நீளமாக இருக்கும், மடிக்கக்கூடாது, மடிப்பு விழுந்தால் குப்பைக்குத்தான். பெரிய பெட்டியில் அடியில் தட்டையாக வைத்து, மேலே அம்மாவுக்கு வாங்கும் சேலையை விரித்துவிடு. விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. கேட்டால் பாதி சொல்.

அன்புடன்,
அப்பா